அம்புலிமாமாவைத் தந்த ஆலூரி சக்ரபாணி

ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு பேராசிரியர் எங்கள் வகுப்பில் கூறியபோது, காமராசரை ஒருவரும், வ.உ.சி.யை இருவரும், சிங்காரவேலரை ஒருவரும் எடுத்துக்கொண்டனர். என் முறை வந்தபோது நான் சக்ரபாணி என்றேன். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எம்.ஜி.ஆரின் அண்ணனைப் பற்றியா எழுதப் போகிறாய் என்று பின்வரிசை நண்பர்கள் கேட்டார்கள். அவர் எம்.ஜி. சக்ரபாணி, நடிகர். நான் எழுதப் புகுந்தது ஆலூரி சக்ரபாணியைப் பற்றி. இந்தப் பெயர்க் குழப்பம் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னைத் துரத்துகிறது. ஆகவே முதலிலேயே தீர்த்துவிட்டேன்.

அவரை நான் தேடிப்போன கதையைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல இயலாது.

என் தாத்தா இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசியது தெலுங்கு. படித்தது மாநகராட்சிப் பள்ளியில், தமிழில், ஐந்தாம் வகுப்பு வரை. பதினேழு வயதில் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அவருடைய அக்கா நெல்லூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் வளர்ந்ததால் தெலுங்கு மட்டும் வாசிக்கத் தெரிந்தவர். ஆகவே 1950களில் கல்மண்டபத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு இதழ்கள் வந்தன. அக்காவுக்குச் 'சந்தமாமா', தம்பிக்கு 'அம்புலிமாமா'. இரண்டிலும் கதை ஒன்று, படம் ஒன்று. எழுத்து மட்டும் வேறு. இரண்டையும் பாயில் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, இந்தப் படத்துக்குக் கீழே இது இருந்தால் அந்தப் படத்துக்குக் கீழே உள்ளது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தாத்தா தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்டாராம். அக்கா தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டாராம். ஆசிரியர் இல்லை, கரும்பலகை இல்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தன்தான் இருவருக்கும் வாத்தியார். இதைத் தாத்தா எனக்குச் சொல்லவில்லை. அவர் இறந்தபோது எனக்கு ஆறு வயது. சொன்னவர் என் ஆயா.

அந்த இதழ்களைத் தாத்தா எடைக்குப் போடவில்லை. தெலுங்கு இதழ்கள் ஒரு தகரப் பெட்டியில். தமிழ் இதழ்கள் துணியில் கட்டிப் பரண்மேல். பிற்காலத்தில் நாங்கள் எர்ணாவூருக்குக் குடிபெயர்ந்தபோதும் இரண்டும் உடன் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்ததை இக்கல்லூரியில் படிக்கும் பலர் தம் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் நனைந்த தாளை விசிறி காற்றில் உலர்த்திவிடலாம். எண்ணெயில் ஊறிய தாளை ஒன்றும் செய்ய இயலாது. பஜ்ஜி மடித்த காகிதம்போல் இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கத்தில் தெரியும். தரையில் இருந்த தகரப் பெட்டி போயிற்று. பரண் தப்பியது. இணைகளாக இருந்தவற்றில் ஒரு பாதி அழிந்தது.

அடுத்த சில மாதங்களில் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பழைய சிறுவர் இதழ்களைச் சேர்ப்பவராம். பழைய பேப்பர்க்காரர் வழியாகச் செய்தி எட்டியிருக்கிறது. பரண் கட்டை அவிழ்த்து அவர் பார்த்த விதத்தை நான் மறக்க முடியாது. கதையை வாசிக்கவில்லை. முதலில் முதுகைப் பார்த்தார்; ஊசி துருப்பிடித்திருக்கிறதா, நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். படம் எதையாவது பள்ளிக்கூட நோட்டில் ஒட்டக் கத்தரித்திருக்கிறார்களா, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாராவது குழந்தை வண்ணம் தீட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மாதங்களை வரிசையாக அடுக்கி, தொடர்கதை ஒன்று முதலிலிருந்து முடிவு வரை அறுபடாமல் இருக்கிறதா என்று எண்ணினார். சிறுவர் இதழ் ஏன் அரிதாகிறது என்பதை அவர் விளக்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். பெரியவர்களின் புத்தகம் அலமாரியில் உறங்கும். சிறுவர் இதழ் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டே கிழிந்து மடியும். எவ்வளவுக்கு எவ்வளவு விரும்பப்பட்டதோ அவ்வளவுக்கு அவ்வளவு மிஞ்சாமல் போகும். போதாக்குறைக்கு, பழைய இதழ்களுக்குப் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட் 1985 இல் தீயில் வெந்தது.

இந்தப் பித்து நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்றும் அவர் சொன்னார். தென் அமெரிக்காவில், நம்மைப்போலவே துறைமுக நகரமான புவெனஸ் அயர்ஸில், ஓஸ்டர்ஹெல்டு என்ற எழுத்தாளர் 1957 இல் 'ஓரா சேரோ' என்ற சித்திரக்கதை இதழைத் தொடங்கினார். அதன் வார இணைப்பில் சொலானோ லோபஸ் என்பவர் படம் வரைய, அந்த நகரத்தின்மேலேயே நச்சுப் பனி பொழிவதாக ஒரு தொடர் 1959 வரை வந்தது. எழுதியவர் 1977 இல் இராணுவ ஆட்சியினரால் கடத்தப்பட்டு, திரும்பவே இல்லை. மலிவுத் தாளில் அச்சான அந்த இதழ்களை இன்று அந்நாட்டில் பொன்போல் காக்கிறார்களாம். அதே சொலானோ லோபஸ் பின்னர் 'வேலியண்ட்' என்ற ஆங்கில இதழுக்கு வரைந்தார். அந்த 'வேலியண்ட்' இதழில் வந்தவன்தான் 1972 இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த இரும்புக்கை மாயாவி. உலகம் சிறியது.

வந்தவர் சொன்ன விலை, ஆயாவின் முதியோர் உதவித்தொகையைப்போலப் பல மடங்கு. ஆயா உடனே விடை சொல்லவில்லை. உள்ளடக்கப் பக்கத்தில் சக்ரபாணி என்று போட்டிருக்கிறதே, அவர் யார், என்ன ஆனார் என்று என்னிடம் கேட்டார். வரலாறு படிக்கும் பேரன் நான், எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு நூலகத்துக்குப் போனேன்.

ஆலூரி வெங்கட சுப்பாராவ் என்பது பெற்றோர் இட்ட பெயர். குண்டூர் மாவட்டம் தெனாலியில் 1908 ஆகஸ்ட் 5 ஆம் நாள் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். விடுதலை இயக்கத்தின் அலையில் பள்ளிப் படிப்பைத் துறந்த எத்தனையோ இளைஞர்களில் அவரும் ஒருவர். பட்டம் பெறவில்லை, மொழிகளைப் பெற்றார். இந்தி கற்றார். அந்த இந்தி வழியாகவே சக்ரபாணி என்ற புனைபெயரும் வாய்த்தது. இயற்பெயர் பின்னர் மறைந்தே போயிற்று.

1930களின் தொடக்கத்தில் அவரைக் காசநோய் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் கிடையா. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவைதாம் வைத்தியம். மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்காகக் கிடந்தார். அங்கே உடன் இருந்த நோயாளி ஒருவரிடம் வங்காள மொழி கற்றுக்கொண்டார். சாவு பக்கத்துக் கட்டிலில் நிற்கும்போது ஒருவர் புதிதாக ஒரு மொழியின் அகரவரிசையைத் தொடங்குகிறார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். பாயில் இரண்டு இதழ்களை விரித்துக் கொண்டிருந்த தாத்தாவும் என் நினைவுக்கு வருகிறார். ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள். ஆனால் எனக்கு இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

நோயிலிருந்து மீண்டவர் சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் மொழிபெயர்த்தார். 'தேவதாஸ்' உள்ளிட்ட அந்த நூல்கள் ஆந்திரத்தில் வீடுதோறும் படிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே எழாமல், சரத் சந்திரர் ஒரு தெலுங்கு எழுத்தாளர் என்றே நம்பிய வாசகர்கள் இருந்தார்களாம். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிடப் பெரிய பரிசு எது? தன் பெயர் மறக்கப்படுவதே வெற்றி என்ற விந்தையான தொழில் அது. தெனாலியில் 'யுவ' என்ற இதழையும் நடத்தினார். அதே தெனாலிக்காரரும் சிறந்த எழுத்தாளருமான கொடவட்டிகண்டி குடும்பராவ் அவருக்கு நண்பர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

1941 இல் வெளிவந்த 'தர்மபத்தினி' என்ற தெலுங்குப் படத்துக்கு உரையாடல் எழுதித் திரையுலகில் நுழைந்தார். அடுத்துச் சென்னையில் வாஹினி நிறுவனத்தின் பி.என். ரெட்டி எடுத்த 'சுவர்க்க சீமா' (1945) படத்தில் பணியாற்றினார். பி.என். ரெட்டியின் தம்பி நாகிரெட்டி, பி.என்.கே. அச்சகத்தை நடத்தி வந்தார். மைக்கும் தாளுக்கும் பழகிய நாகிரெட்டியும், சொல்லுக்கும் கதைக்கும் பழகிய சக்ரபாணியும் நண்பர்களாயினர். பின்னாளில் நாகிரெட்டி-சக்ரபாணி என்று ஒரே பெயர்போல் வழங்கும் அளவுக்கு அந்த நட்பு நீடித்தது.

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறச் சில வாரங்களே இருந்தபோது, 'சந்தமாமா' பிறந்தது. தமிழில் அதற்கு 'அம்புலிமாமா' என்று பெயர். குழந்தைக்குச் சோறூட்டும்போது தாய் காட்டும் நிலவையே இதழுக்குப் பெயராக வைத்தது எவ்வளவு பொருத்தம்! பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம், குஜராத்தி என்று பெருகி, 1955 இல் ஆங்கிலத்திலும் வந்தது.

இங்கேதான் சக்ரபாணியின் மதிநுட்பத்தைக் காண்கிறேன். குழந்தைகளுக்கு என்று எழுதுவோர் பலர் குரலை மாற்றிக்கொண்டு, மழலை பேசி, இடையிடையே அறிவுரை கூறுவர். அம்புலிமாமா அப்படிப் பேசவில்லை. ஓர் ஊரில் ஓர் அரசன் என்று தொடங்கி, நேராக நடந்து, கதை முடிந்ததும் நின்றுவிடும். அந்த எளிமை தானாக வந்ததன்று. 1952 இல் குடும்பராவை சக்ரபாணி இதழுக்கு அழைத்து வந்தார். குடும்பராவ் பகுத்தறிவு நோக்குடையவர். நடுத்தர வர்க்க வாழ்வை ஈவிரக்கமின்றி எழுதியவர். அவர் பேய்க்கதையும் மந்திரவாதிக் கதையும் நிறைந்த இதழில் 1980 இல் இறக்கும்வரை அமர்ந்து, வரும் கதைகளையெல்லாம் செப்பம் செய்தார். ஆசிரியர் என்று அவர் பெயரை இதழில் தேடினால் கிடைக்காது. தெலுங்கில் கதை முடிவானதும் மற்ற மொழிகளுக்குப் பெயர்க்கப்படும். ஒரு மொழியில் சிக்கலாக எழுதினால் அத்தனை மொழிகளிலும் சிக்கல் என்பதால் வாக்கியம் சிறிதாகவே இருந்தாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு படித்த மூட்டைத் தொழிலாளி இரவில் கல்மண்டபத்தில் விளக்கடியில் அமர்ந்து, படிக்கத் தெரியாத நண்பர்களுக்கு வாசித்துக் காட்ட முடிந்ததற்கு இதுவே காரணம்.

வேதாளக் கதைகளையே எடுத்துக்கொள்வோம். பழைய நூலில் உள்ள கதைகள் இருபத்தைந்து. மாதம் ஒன்றாகப் போட்டால் இரண்டாண்டில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் என்ன செய்தார்கள்? முருங்கை மரத்தையும் பிணத்தையும் கேள்வியையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் புதுப்புதுக் கதைகளைப் பொருத்தினார்கள். விக்கிரமாதித்தன் பல பத்தாண்டுகள் ஓயாமல் நடந்தான்.

படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் மலர் போதாது. எம்.டி.வி. ஆச்சாரியாவின் மகாபாரத அட்டைகள், சித்ராவின் தொடர்கதைப் படங்கள், ஆந்திரத்திலிருந்து வரைந்து அனுப்பிய வபாவின் வண்ணங்கள் ஆகியவற்றையே எங்கள் வீட்டுக்கு வந்தவர் தேடினார். 1952 இல் சேர்ந்த சங்கர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற தமிழர், இயற்பெயர் சிவசங்கரன். வாளேந்திய அரசன் தோளில் பிணத்தோடு நடக்கும் அந்தப் படம் அவருடையது. 2020 இல் தம் 96 ஆம் வயதில் மறைந்தார். நீர்நிலையோ கோபுரமோ உடையோ, எந்தப் படத்திலும் ஓவியர் சோம்பியதாகத் தெரியவில்லை. குழந்தைதானே பார்க்கப் போகிறது என்று விட்டுவிடவில்லை.

சக்ரபாணியின் மற்றொரு பாதி வாழ்வு வடபழனி படப்பிடிப்பு நிலையத்தில் கழிந்தது. நாகிரெட்டியும் அவரும் தொடங்கிய விஜயா புரொடக்ஷன்ஸின் முதல் படமான 'சாவுகாரு' 1950 இல் வந்தது. மறு ஆண்டு 'பாதாள பைரவி'. தோட்டக்காரன் மகனும் மந்திரவாதியும் மோதும் அந்தக் கதை, அம்புலிமாமாத் தொடர் ஒன்று எழுந்து நடமாடியதுபோல் இருக்கும். 1957 இல் 'மாயா பஜார்'. கல்யாண சமையல் சாதத்தை விழுங்கும் கடோத்கசனை அறியாத தமிழ்க் குழந்தை உண்டா?

ஆனால் அவருடைய தனி முத்திரை மாயாஜாலத்தில் இல்லை, நகைச்சுவையில் இருக்கிறது. வங்காள நாடகம் ஒன்றைத் தழுவி அவர் அமைத்த 'மிஸ்ஸியம்மா' (1955), வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொள்ளும் ஓர் இந்து இளைஞன், ஒரு கிறித்தவப் பெண் ஆகியோரின் கதை. வேலையில்லாத் திண்டாட்டத்தையும் மத வேற்றுமையையும் கையில் எடுத்தவர், ஓரிடத்திலும் மேடை ஏறவில்லை. இப்படத்தின் தெலுங்கு வடிவில் முதலில் நடித்தவர் பானுமதி என்றும், படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் எழுந்த பிணக்கால் அவரை மாற்றிச் சாவித்திரியை நடிக்க வைத்தார் என்றும் திரையுலகில் சொல்வர். எடுத்த சுருளை எரித்துவிட்டார் என்றுகூடக் கதை உண்டு. விட்டுக்கொடுக்காத மனிதர் என்பது மட்டும் எல்லாக் கதைகளிலும் பொதுவாக இருக்கிறது. அவர் தொட்டதெல்லாம் துலங்கவும் இல்லை. 'சந்திரஹாரம்' (1954) கையைச் சுட்டது. 'குண்டம்ம கதா' தெலுங்கில் பெருவெற்றி பெற்ற அதே 1962 இல், அதன் தமிழ் வடிவமான 'மனிதன் மாறவில்லை' படத்தை அவரே இயக்கினார். தெலுங்கில் பெற்ற புகழ் தமிழில் அதற்கு வாய்க்கவில்லை.

கடைசிக் காலத்தில் 'ஸ்ரீ ராஜேஸ்வரி விலாஸ் காபி கிளப்' என்ற படத்தில் ஈடுபட்டிருந்தார். அது 1976 இல் பாபுவின் இயக்கத்தில் வெளிவந்தபோது அவர் இல்லை. 1975 செப்டம்பர் 24 ஆம் நாள் மறைந்தார். மறைவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1972 இல் அவர் இதழ் வங்காளத்திலும் வெளிவந்திருந்தது. மதனப்பள்ளிக் கட்டிலில் கற்ற மொழி. கடன் திரும்பிச் சென்றது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்குப் பின்னும் அம்புலிமாமா நெடுங்காலம் வந்தது. 1998 இல் நின்று, 1999 இல் மீண்டு, 2007 இல் கைமாறி, 2013 இல் ஓய்ந்தது. பழைய இதழ்களை இப்போது கைப்பேசித் திரையில் படிக்கலாம். வீட்டுக்கு வந்தவரிடமும் அவை எல்லாம் கோப்புகளாக உள்ளனவாம். அப்படியிருக்க, தாள் எதற்கு என்று கேட்டேன். அவர் விடை சொல்லாமல் இதழ் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அவர் போனபின் நானும் முகர்ந்து பார்த்தேன்.

இத்தனையையும் படித்து முடித்து ஆயாவிடம் சொன்னேன். மருத்துவமனையில் வங்காளம் கற்ற பகுதியை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். அந்த வாரமே முடிவும் சொல்லிவிட்டார். பரண் கட்டை விற்கவில்லை. இரட்டையாக இருந்த ஒரே ஓர் இதழை, 1956 ஆம் ஆண்டினதை, வந்தவருக்கு விலை வாங்காமலே கொடுத்தார். எண்ணெயில் ஊறிய தெலுங்கு இதழ்களை எறிவதா வைத்திருப்பதா என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மொட்டைமாடியில் சாக்கின் மேல் கிடக்கின்றன.

நண்பர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் தெலுங்கு பேசுவோர் பலர் உளர். உங்கள் பரணிலோ உறவினர் பரணிலோ 1954 முதல் 1960 வரையிலான தெலுங்குச் 'சந்தமாமா' இருந்தால், வரலாற்றுத் துறை இரண்டாமாண்டு வகுப்பில் வந்து என்னைப் பாருங்கள். விலைக்குக் கேட்கவில்லை. எங்களிடம் உள்ள தமிழ் இதழின் பக்கத்தில் ஒரு நாள் விரித்து வைத்துப் பார்க்க ஆயா விரும்புகிறார்.